மடக்கும் லேப்டாப்பில் லினக்ஸ்: திரைக் கோளாறுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரையை முழுக்கப் பின்னால் மடக்கி டேப்லெட் ஆக்கக்கூடிய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்ட விதத்திலேயே இருக்கின்றன. வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்குள் ரெண்டு தடவை லினக்ஸை அழித்துவிட்டு மறுபடி போட்டிருப்பார்கள். மீதிப் பேர் புதுப் பேனலுக்கு விலை கேட்டிருப்பார்கள். பெரும்பாலும் ரெண்டுமே தேவைப்பட்டதில்லை.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலிலோ நான் சொல்லும் இடத்திலோ டைப் செய்யும்போது அதே சொல்லை ஆங்கிலச் சிறிய எழுத்தில் போடுங்கள். புள்ளி, அடிக்கோடு, சமக்குறி, எண் எல்லாம் இங்கே இருப்பதுபோலவே இருக்க வேண்டும்.

ஸ்கிரீன் ஒரு மாதிரி ஆகுது சார். எங்கேயிருந்து பார்க்க ஆரம்பிக்கிறது?

முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கோளாறு தெரிகிற அந்த நொடியிலேயே எடுக்க வேண்டும். எடுத்ததை அதே திரையில் பார்க்காமல் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். செயலிகளும் டெஸ்க்டாப்பும் சேர்ந்து படத்தை முதலில் நினைவகத்தில் வரைகின்றன. அப்புறம்தான் அது கேபிள் வழியாகப் பேனலுக்குப் போகிறது. ஸ்கிரீன்ஷாட் நினைவகத்தில் இருப்பதை எடுக்கிறது. போனில் பார்க்கும்போதும் கோளாறு இருந்தால், வரைவதிலேயே தப்பு. மென்பொருள் பக்கம் தேட வேண்டும். படம் சுத்தமாக இருந்தால், நினைவகத்திலிருந்து பேனல் வரைக்குமான வழியில் தப்பு. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு சோதனையை நம்பித்தான் இருக்கிறது.

அடுத்தது பயாஸ் திரை. லேப்டாப்பை ஆன் செய்யும்போது எஃப்2 விசையையோ உங்கள் மாடலுக்கு உரிய விசையையோ அழுத்தி உள்ளே போய் ஐந்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். அங்கே லினக்ஸ் இல்லை. அங்கேயும் மினுக்கினால் வன்பொருள்தான். மினுக்காவிட்டால் வன்பொருள் நல்லாயிருக்கிறது என்று உடனே முடிவுகட்ட முடியாது. சந்தேகம் குறையும், அவ்வளவுதான்.

மூன்று விஷயங்களைக் குறித்து வையுங்கள். பிராசஸர் இன்டெல்லா ஏஎம்டியா, லினக்ஸின் மையமான கர்னல் எந்தப் பதிப்பு ('யூநேம் -ஆர்' சொல்லும்), டெஸ்க்டாப் ஓடுவது வேலேண்டிலா எக்ஸ்11-இலா (ஜன்னல்களைத் திரையில் காட்டும் புதிய முறை வேலேண்ட், பழையது எக்ஸ்11). கடைசியது க்னோம், கேடிஇ என்ற ரெண்டு டெஸ்க்டாப்பிலும் சிஸ்டம் பற்றிய விவரப் பக்கத்தில் இருக்கும்.

ஸ்கிரீன்ஷாட்ல ஒண்ணுமே தெரியல. ஆனா ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கண் சிமிட்ற மாதிரி மினுக்குது. பேனல் போயிடுச்சா?

அவசரப்பட வேண்டாம். என்னிடம் வந்ததில் இதுதான் மிக அதிகம். முதல் சந்தேகம் பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் என்ற வசதி மேல் விழ வேண்டும். சுருக்கமாக பிஎஸ்ஆர். திரையில் எதுவும் மாறாமல் இருக்கும்போது, பேனல் கடைசிப் படத்தைத் தன்னிடம் உள்ள சிறிய நினைவகத்தில் வைத்துக்கொண்டு தானே காட்டும். அந்த நேரத்தில் கிராஃபிக்ஸ் சிப் தூங்கும். பேட்டரி மிச்சமாகும். தூங்குவதிலும் எழுவதிலும் பேனலுக்கும் டிரைவருக்கும் ஒத்துப்போகாவிட்டால் மினுக்கும், ஒரு பட்டை துள்ளும், சில நேரம் மவுஸ் நகர்ந்தும் படம் நகராது.

ஒரு கல்லூரித் தம்பி தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தான். பேனல் மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். ஒரு பிடிஎஃப் திறந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்தோம். அரை நிமிடத்தில் திரையின் கீழ்க் கால்பகுதி ஒரு விரல் அகலம் மேலே துள்ளி இறங்கியது. மறுபடி துள்ளியது. மவுஸை வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு துள்ளல்கூட இல்லை. கையை எடுத்தேன், திரும்ப வந்தது. இதுதான் அடையாளம். சும்மா இருந்தால் வரும், வீடியோ ஓடினால் காணாமல் போகும். அடுத்த பதிலில் உள்ளதைச் செய்தோம். நாற்பது நிமிடம் அந்தப் பிடிஎஃப் அசையாமல் நின்றது. பேனல் மாற்றவே இல்லை.

அந்த பிஎஸ்ஆரை எப்படி நிறுத்துறது? தப்பா டைப் பண்ணிட்டா பூட் ஆகாம போயிடுமா?

முதலில் ஒரே ஒரு பூட்டுக்கு மட்டும் நிறுத்திப் பாருங்கள். ஆன் செய்ததும் எதை பூட் செய்வது என்று கேட்கும் கிரப் பட்டியல் வரும்போது ஆங்கில 'இ' விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்ற சொல்லில் தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு, இன்டெல் என்றால் 'ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0' என்று சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். புதிய இன்டெல் சிப்புகளில் டிரைவர் பெயர் எக்ஸ்இ, அங்கே 'எக்ஸ்இ.எனேபிள்_பிஎஸ்ஆர்=0'. எந்த டிரைவர் என்று 'எல்எஸ்பிசிஐ -கே' காட்டும். ஏஎம்டியில் 'ஏஎம்டிஜிபியு.டிசிடிபக்மாஸ்க்=0எக்ஸ்10'. இப்படிச் சேர்த்தது அடுத்த பூட்டில் தானாகப் போய்விடும். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் கர்னல் அந்தச் சொல்லைக் கண்டுகொள்ளாமல் பூட் ஆகும். அதனால் பயம் வேண்டாம். சரியாகப் போனதா என்று 'கேட் /ப்ராக்/சிஎம்டிலைன்' கொடுத்துப் பாருங்கள்.

பலன் தெரிந்தால் நிரந்தரமாக்கலாம். உபுண்டு, டெபியன் என்றால் '/இடிசி/டிஃபால்ட்/கிரப்' கோப்பில் டிஃபால்ட் என்று முடியும் சிஎம்டிலைன் வரிக்குள், மேற்கோள் குறிகளுக்கு உள்ளே சேர்த்து, 'சூடோ அப்டேட்-கிரப்' கொடுங்கள். ஃபெடோராவில் 'கிரப்பி' என்ற கருவி இருக்கிறது. இன்டெல்லில் 0 போடும் முன் 1 போட்டுப் பாருங்கள். 1 என்றால் பிஎஸ்ஆரின் முதல் வகை மட்டும் இருக்கும். மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் இரண்டாம் வகை நின்றுவிடும். தொல்லை அந்த இரண்டாம் வகையால் மட்டும் வந்ததாக இருந்தால் பேட்டரிச் சேமிப்பில் ஒரு பங்காவது மிஞ்சும். கர்னல் புதுசாக வரும்போதெல்லாம் இந்தச் சொல்லை எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். சரியாகியிருந்தால் பேட்டரியை எதற்கு விட வேண்டும்?

எனக்கு ஏஎம்டி. மினுக்கல் இல்ல, முழுத் திரையும் வெள்ளையா அடிச்சு நின்னுடுது.

இது வேறு விஷயம். ஏஎம்டியின் உள்ளமை கிராஃபிக்ஸ், படத்தைத் தனக்கென ஒதுக்கிய நினைவகத்தில் வைக்கலாம். அல்லது மொத்த ரேமில் அங்கங்கே சிதறிய துண்டுகளிலிருந்தும் நேராகத் திரைக்கு அனுப்பலாம். இரண்டாவது வழி சில லேப்டாப்புகளில் வெள்ளைத் திரையிலும் பளிச்சிடலிலும் கொண்டுபோய் விட்டிருக்கிறது. முன் பதிலில் சொன்ன அதே முறையில் 'ஏஎம்டிஜிபியு.எஸ்ஜி_டிஸ்ப்ளே=0' சேர்த்துப் பாருங்கள். அதோடு பயாஸில் கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கும் நினைவக அளவைக் கூட்டும் வசதி இருந்தால் கூட்டுங்கள்.

நெட்ல எல்லாரும் நோமோட்செட் போடச் சொல்றாங்களே, அதைப் போட்டா போதாதா?

போடலாம், ஆனால் உள்ளே நுழைவதற்கு மட்டும். 'நோமோட்செட்' போட்டால் உங்கள் கிராஃபிக்ஸ் டிரைவரே எழாது. பயாஸ் கொடுத்த வெறும் படத்தில் ஓடும். வெளிச்சம் கூட்டக் குறைக்க முடியாது, வெளித் திரை வராது, வீடியோ திணறும். மினுக்கல் நின்றது என்று சந்தோஷப்பட்டு மாசக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், லேப்டாப் கொதிக்கும். கறுப்புத் திரையில் மாட்டினால் அதை வைத்து உள்ளே போய், வேண்டிய திருத்தத்தைச் செய்துவிட்டு எடுத்துவிடுங்கள்.

திரையைச் சாய்க்கும்போது மட்டும் கோடு கோடா வருதுங்க. ஒரு கோணத்துல நின்னா சரியாயிடுது.

இதற்கு லினக்ஸில் மருந்து இல்லை. திரைக்குப் போகும் கேபிள் கீல் வழியாகப் போகிறது. சாதாரண லேப்டாப்பில் அந்தக் கீல் முக்கால் வட்டம்கூடத் திரும்பாது. 2012-இல் லெனோவோ யோகா வந்ததிலிருந்து பழக்கமான இந்த வகைக் கீல் 360 டிகிரி திரும்புகிறது. கேபிள் ஒவ்வொரு தடவையும் முறுக்கி நிமிர்கிறது.

பயாஸ் திரையில் நின்றுகொண்டு மெதுவாக, ஒரே சீராகத் திரையைத் திறந்து மடக்குங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் கோடு வந்தால் கேபிள்தான். கடையில் கொடுக்கும்போது 'டிஸ்ப்ளே கேபிளை முதலில் மாற்றிப் பாருங்கள்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கேபிள் விலை பேனல் விலையில் ஒரு சிறு பங்குதான். எந்தக் கோணமானாலும் கோடு அதே இடத்தில் அசையாமல் நின்றால் பேனலைச் சந்தேகிக்கலாம்.

லேப்டாப்பைத் திருப்பினா படம் திரும்ப மாட்டேங்குது. விண்டோஸ்ல திரும்புச்சு.

நாலு கண்ணிகள் உள்ள சங்கிலி இது. திசையை அறியும் சென்சார், அதைப் படிக்கும் கர்னல் டிரைவர், 'ஐஐஓ-சென்சார்-ப்ராக்ஸி' என்ற சேவை, கடைசியில் டெஸ்க்டாப். 'மானிட்டர்-சென்சார்' என்று கொடுத்துவிட்டு லேப்டாப்பைத் திருப்புங்கள். திசை மாறுவதாக வரிகள் ஓடினால் முதல் மூன்றும் சரி, டெஸ்க்டாப்பைப் பாருங்கள். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வந்தால் அந்தச் சேவை நிறுவப்படவில்லை. காத்திருப்பதாகவே சொன்னால் சேவை ஓடவில்லை, அல்லது கர்னலுக்கு உங்கள் சென்சார் தெரியவில்லை.

டெஸ்க்டாப் பக்கம் என்றால் முதலில் சுழற்சிப் பூட்டு போட்டிருக்கிறதா பாருங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது. லேப்டாப் டேப்லெட் நிலைக்கு மடங்கிவிட்டது என்று தெரிந்தால்தான் க்னோம் படத்தைத் திருப்பும். சாதாரணமாகத் திறந்து வைத்துப் பக்கவாட்டில் சாய்த்தால் ஒன்றும் நடக்காது. அது கோளாறு இல்லை. கேடிஇ-யில் இதைத் திரை அமைப்புகளில் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். மடங்கியது கர்னலுக்குத் தெரிகிறதா என்று 'சூடோ லிப்இன்புட் டீபக்-ஈவென்ட்ஸ்' கொடுத்துவிட்டு மடக்கிப் பாருங்கள். டேப்லெட் மோட் என்ற வரி வர வேண்டும். வந்தால் உள் விசைப்பலகையும் தானாக அணையும். அந்த வரி வராவிட்டால் கர்னலைப் புதுப்பித்துப் பாருங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இதற்குத் தனித்தனி டிரைவர் இருக்கிறது, புதியவை வந்துகொண்டும் இருக்கின்றன.

திரும்புது, ஆனா தலைகீழா நிக்குது. நிமிர்த்தினா கவுக்குது, கவுத்தா நிமிர்த்துது.

சென்சார் சிப்பை அந்த லேப்டாப்பின் போர்டில் வேறு திசையில் பற்றவைத்திருக்கிறார்கள். எந்த மாடலில் எந்தத் திசை என்பதற்கு, லினக்ஸின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி-யில் '60-சென்சார்.எச்டபிள்யூடிபி' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. உங்கள் மாடல் அதில் இல்லை, அதனால் இப்படி. '/இடிசி/யூடெவ்/எச்டபிள்யூடிபி.டி' அடைவில் '61-சென்சார்-லோக்கல்.எச்டபிள்யூடிபி' என்று ஒரு கோப்பு உண்டாக்கி, அந்தப் பட்டியலில் உங்கள் மாடலுக்கு நெருங்கிய ஒரு பதிவை நகலெடுத்து மாடல் பெயரை மட்டும் மாற்றுங்கள். முழுக்கத் தலைகீழ் என்றால் அந்தப் பதிவில் உள்ள அணி (மேட்ரிக்ஸ்) '-1, 0, 0; 0, -1, 0; 0, 0, 1' என்று இருக்க வேண்டும். பிறகு 'சூடோ சிஸ்டம்டி-எச்டபிள்யூடிபி அப்டேட்', 'சூடோ யூடெவ்அட்ம் ட்ரிக்கர்', அந்தச் சென்சார் சேவைக்கு ஒரு ரீஸ்டார்ட்.

வேலை செய்தால் அந்த நாலு வரியை சிஸ்டம்டி திட்டத்துக்கு அனுப்பிவிடுங்கள், தயவுசெய்து. அந்தப் பட்டியல் முழுக்க இப்படி யாரோ ஒருத்தர் தன் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அனுப்பியதால் வளர்ந்ததுதான். உங்கள் மாடலை வாங்கும் அடுத்தவருக்கு இந்தக் கேள்வியே வராது.

படம் சரியாத்தான் திரும்புது. ஆனா விரல் வைக்கிறது ஒரு இடம், கிளிக் ஆகுறது இன்னொரு இடம்.

பெரும்பாலும் எக்ஸ்11. அங்கே படத்தைத் திருப்புவதும் தொடுதலைத் திருப்புவதும் தனித்தனி வேலை. 'எக்ஸ்ஆர்அண்டர்' படத்தை மட்டும் திருப்பும். 'எக்ஸ்இன்புட்' என்று கொடுத்தால் தொடுதிரையின் எண் தெரியும். படம் திரும்பியதும் 'எக்ஸ்இன்புட் மேப்-டு-அவுட்புட்' என்பதோடு அந்த எண்ணையும் உள் திரையின் பெயரையும் (பெரும்பாலும் இடிபி-1; பெரிய எழுத்து, சிறிய எழுத்து 'எக்ஸ்ஆர்அண்டர்' காட்டுகிறபடியே) கொடுங்கள். பேனா தனிச் சாதனமாகத் தெரிந்தால் அதற்கும் ஒரு தடவை கொடுக்க வேண்டும். வெளித் திரை மாட்டியதும் தொடுதல் ரெண்டு திரைக்கும் பரவிக்கொள்ளும் தொல்லைக்கும் இதே கட்டளைதான். வேலேண்டில் இதை டெஸ்க்டாப்பே பார்த்துக்கொள்கிறது. மடக்கும் லேப்டாப் வைத்திருப்பவர்கள் வேலேண்டுக்குப் போய்விடுவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

பூட் ஆகும்போது எழுத்தெல்லாம் பக்கவாட்டுல படுத்திருக்கு. டெஸ்க்டாப் வந்ததும் நிமிருது.

சில சிறிய லேப்டாப்புகளில், ஜிபிடி பாக்கெட் மாதிரி, நிமிர்ந்து நிற்கும் டேப்லெட் பேனலைப் படுக்கவைத்துப் பொருத்தியிருப்பார்கள். அந்த மாடல்களின் பட்டியல் கர்னலுக்குள் இருக்கிறது. உங்களுடையது இல்லாவிட்டால் கிரப் வரியில் 'எஃப்பிகான்=ரொட்டேட்:1' சேருங்கள். 1 வலப்பக்கம், 2 தலைகீழ், 3 இடப்பக்கம். இது எழுத்துத் திரைக்கு மட்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து என்றால் 'வீடியோ=' என்ற அளவுருவில் பேனல் ஓரியன்டேஷன் கொடுக்கலாம். அதில் திரையின் பெயர் பெரிய எழுத்து, சிறிய எழுத்து சகிதம் துல்லியமாக இருக்க வேண்டும்.

125 சதவீதம் பெருசாக்கினதும் சில ஆப் மட்டும் கண்ணாடி போடாம பார்க்கிற மாதிரி மங்கலா இருக்கு.

பழைய எக்ஸ்11 செயலிகள் வேலேண்டுக்குள் எக்ஸ்வேலேண்ட் வழியாக ஓடும்போது, சிறியதாக வரைந்த படத்தை இழுத்துப் பெரிதாக்குவதால் வரும் மங்கல். கேடிஇ-யில் திரை அமைப்புகளிலேயே, பழைய செயலிகள் தாங்களே அளவு பார்த்துக்கொள்ளட்டும் என்ற தேர்வு இருக்கிறது. க்னோம் 47-இலிருந்து சோதனை வசதியாக 'எக்ஸ்வேலேண்ட்-நேட்டிவ்-ஸ்கேலிங்' வந்திருக்கிறது. குரோம் குடும்பச் செயலிகளின் பழைய பதிப்புகளை '--ஓசோன்-பிளாட்ஃபார்ம்-ஹின்ட்=ஆட்டோ' கொடுத்துத் திறந்தால் நேராக வேலேண்டில் ஓடும், எழுத்து கூர்மையாகும்.

ஸ்கிரீன்ஷாட்லயும் தெரியுது. ஜன்னல் ஓரம் கறுப்பா, பட்டன் எல்லாம் குப்பை மாதிரி.

அப்படியென்றால் பேனல், கேபிள், பிஎஸ்ஆர் மூன்றையும் மறந்துவிடலாம். ஒரு செயலியில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? க்னோம் செயலிகளில் மட்டும் என்றால் ஒரு நல்ல சந்தேகம் இருக்கிறது. அந்தச் செயலிகளின் ஜன்னலையும் பட்டனையும் வரையும் ஜிடிகே என்ற தொகுப்பில், 4.16 முதல் வேலேண்டில் வல்கன் என்ற கிராஃபிக்ஸ் முறை வழியாக வரைவதை இயல்பாக்கினார்கள். சில கிராஃபிக்ஸ் டிரைவர்களோடு அது ஒத்துப்போகவில்லை. 'ஜிஎஸ்கே_ரெண்டரர்' என்ற சூழல் மாறிக்கு (இதன் பெயர் மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில்) 'என்ஜிஎல்' என்று மதிப்புக் கொடுத்து அந்தச் செயலியைத் திறந்து பாருங்கள். பிரவுசரில் மட்டும் என்றால் அதன் வன்பொருள் முடுக்கத்தை அணைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் என்றால், செயலிகளுக்காக வரையும் கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பான மெசாவைப் புதுப்பிக்க வேண்டும்.

டெர்மினல்ல தமிழ் எழுத்து மட்டும் பிய்ஞ்சு வருது. கொம்பு தனியா, எழுத்து தனியா. டிஸ்ப்ளே கோளாறா?

இல்லை. பல டெர்மினல்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் ஒதுக்குகின்றன. 'கொ' போல முன்னும் பின்னும் குறி வரும் எழுத்தைச் சேர்த்து வடிவமைக்கும் வேலையை அவை செய்வதில்லை. கோப்புக்குள் எழுத்து சரியாகத்தான் இருக்கிறது. எடிட்டரில் திறந்து பாருங்கள். எங்கு பார்த்தாலும் வெறும் கட்டமாக வந்தால் தமிழ் எழுத்துரு இல்லை. நோட்டோ, லோஹித் தமிழ் ரெண்டில் ஒன்றை நிறுவுங்கள்.

சார்ஜர் மாட்டினா யாரோ தொடுற மாதிரி தானா கிளிக் ஆகுது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு அண்ணா.

சார்ஜரைக் கழற்றியதும் நின்றுவிடுகிறதா? அப்படியென்றால் சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் தொடுதிரையின் உணர்திறனைக் குழப்புகிறது. மாற்றாக வாங்கிய மலிவு சார்ஜரிலும், எர்த் இல்லாத பிளக் பாயின்டிலும் இது வரும். மூன்று பின் பிளக்கை ரெண்டு பின் அடாப்டரில் சொருகியிருந்தால் அதை முதலில் எடுங்கள். லேப்டாப்போடு வந்த சார்ஜரை, எர்த் உள்ள பாயின்டில் மாட்டிப் பாருங்கள். சார்ஜர் இல்லாமலும் வந்தால், கேபிள் பற்றிச் சொன்ன பதிலைப் பாருங்கள். தொடுதிரைக்குப் போகும் கேபிளும் அதே கீல் வழியாகத்தான் போகிறது.

வெளிச்சம் கூட்டுற விசை அழுத்தினா கோடு நகருது, திரை அப்படியே இருக்கு. ஓஎல்இடி மாடல்.

ஓஎல்இடி பேனலுக்குப் பின்விளக்கே கிடையாது. எவ்வளவு வெளிச்சம் என்பதைத் திரைக் கேபிளின் துணை வழியில் செய்தியாக அனுப்ப வேண்டும். அந்த வழியைக் கர்னல் சரியாகக் கண்டுகொள்ளவில்லை என்றால் இப்படி. இன்டெல்லில் 'ஐ915.எனேபிள்_டிபிசிடி_பேக்லைட்=1' போட்டுப் பாருங்கள், பலிக்காவிட்டால் 1-க்குப் பதில் 3, 2.

வெளிச்சத்தைக் குறைத்தால் மட்டும் இடைவிடாமல் நுணுக்கமாக மினுக்கி, தலை வலிக்கிறது என்றால் அது வேறு. போன் கேமராவில் திரையைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால், பேனல் வேகமாக எரிந்து அணைந்து வெளிச்சத்தைக் குறைக்கிறது. பிஎஸ்ஆர் மினுக்கல் விட்டுவிட்டு வரும், இது தொடர்ந்து வரும். வெளிச்சத்தை உயர்வாக வைத்துக்கொண்டு இருண்ட தீமுக்கு மாறிப் பாருங்கள், கண்ணுக்கு நிம்மதி.

சும்மா வேலை பார்த்துட்டு இருக்கும்போதே திரை அணைஞ்சு தூங்கிடுது. சில நேரம் எழுந்தா கறுப்பாவே இருக்கு.

காந்தம் தேடுங்கள். மூடி மூடியிருக்கிறதா என்று லேப்டாப் காந்தத்தால்தான் அறிகிறது. காந்தம் வைத்த போன் உறையை விசைப்பலகை ஓரத்தில் வைத்தால் மூடி மூடியதாகவே நினைத்துத் தூங்கும். ஒருத்தருக்கு மூன்று வாரத் தொல்லை, போனை மேஜையின் மறுபக்கம் வைத்ததும் தீர்ந்தது.

எழும்போது கறுப்பு என்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை வந்தால் கர்னல் உயிரோடு இருக்கிறது, டெஸ்க்டாப்தான் மாட்டிக்கொண்டது. வராவிட்டால் 'கேட் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்' பாருங்கள். அதில் 'டீப்' என்ற சொல்லும் இருந்தால் கிரப் வரியில் 'மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப்' சோதிக்கலாம். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் அந்தச் சொல்லே இருக்காது; அங்கே பயாஸ் புதுப்பிப்புத்தான் வழி. 'எஃப்டபிள்யூஅப்ட்எம்ஜிஆர் அப்டேட்' லினக்ஸிலிருந்தே அதைச் செய்துவிடும், உங்கள் மாடலுக்கு அங்கே இருந்தால்.

நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு. அப்டேட் போட்டதும் போச்சு. திரும்ப இன்ஸ்டால் பண்ணிடவா?

வேண்டாம். திரும்ப நிறுவினாலும் அதே புதிய கர்னல்தான் வந்து உட்காரும். கிரப் பட்டியலில் பழைய கர்னல் இன்னும் இருக்கும். உபுண்டுவில் அட்வான்ஸ்டு என்ற வரிக்குள். அதில் பூட் செய்து ஒரு நாள் ஓட்டுங்கள். சரியாக இருந்தால் குற்றவாளி கர்னல். பழையதிலும் வந்தால் மெசாவோ ஃபர்ம்வேர் தொகுப்போ டெஸ்க்டாப்போ, அந்த அப்டேட்டில் வந்த வேறொன்று.

கர்னல்தான் என்றால் நீங்கள் கையில் வைத்திருப்பது விலை மதிப்பான தகவல்: நல்ல பதிப்பு எது, கெட்ட பதிப்பு எது. கோளாறு வந்த உடனே 'சூடோ ஜர்னல்சிடிஎல் -கே -பி' கொடுத்து வருவதைக் கோப்பில் சேமியுங்கள். அதில் 'ஃபிஃபோ அண்டர்ரன்' என்று இருந்தால், படம் திரைக்குப் போகிற வேகத்துக்கு நினைவகத்திலிருந்து தரவு வந்துசேரவில்லை. 'ஜிபியு ஹேங்' என்றால் வரையும் பக்கம் நின்றுபோனது. இந்த ரெண்டு பதிப்பு எண், அந்தக் கோப்பு, லேப்டாப் மாடல், மினுக்கலைப் போனில் எடுத்த பத்து நொடி வீடியோ, பிஎஸ்ஆர் நிறுத்தியபோது என்ன ஆனது என்ற ஒரு வரி, எல்லாவற்றையும், டிரைவர் எழுதுகிறவர்கள் கோளாறுகளைப் பார்க்கும் ஃப்ரீடெஸ்க்டாப் கிட்லேப் தளத்தில் உங்கள் டிரைவரின் பக்கத்தில் பதியுங்கள். சோதனைக்கு ஒரு திருத்தம் அனுப்பிப் பார்க்கச் சொல்வார்கள். அதுவரை பழைய கர்னலிலேயே வேலையைப் பாருங்கள், அதைத் தானாக அழிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.